வீட்டுத் தோட்டத்துக்கு விளக்கு: சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஒரு வழிகாட்டி

கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு மேல் வீட்டின் வெளி விளக்குகள் அனைத்தையும் அணைத்துவிட்டுத் தோட்டத்தில் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரமாவது வேண்டும். பழகியபின் சுற்றிப் பார்த்தால், தெருவிளக்கின் வெளிச்சம் மதிலைத் தாண்டி எதுவரை விழுகிறது, பக்கத்து வீட்டு மாடி விளக்கு எந்தச் செடியைத் தொடுகிறது, உண்மையான கும்மிருட்டு எந்த மூலையில் இருக்கிறது என்பதெல்லாம் தெரியவரும்.

சேலம் கன்னங்குறிச்சியில் வீடு கட்டிக் குடிவந்தபோது நான் இதைச் செய்யவில்லை. நல்ல வெயில் நேரத்தில் எலக்ட்ரீஷியனை அழைத்து, இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று கை காட்டினேன். பன்னிரண்டு விளக்குகள் போட்டோம். இரண்டே ஆண்டுகளில் அவற்றில் ஏழைக் கழற்ற வேண்டியதாயிற்று. பிறகு ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இருக்கும் என் அக்கா வீட்டுத் தோட்டத்துக்கு விளக்கு போடும்போது முதல்நாள் முதல் உடனிருந்தேன். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரில். இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வெயில் போய் மூடுபனி வந்துவிடும், செம்மண் போய்ப் பாறை வந்துவிடும். கீழே சரியாக இருக்கும் விளக்கு மேலே சரியாக இருக்காது. இரண்டு இடத்துக்கும் பொருந்துவதையும் பொருந்தாததையும் வேலை நடக்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

இடம் குறிப்பது: அகல் விளக்கை வைத்துப் பாருங்கள்

இருட்டில் நின்று பார்த்தாகிவிட்டதென்றால், அடுத்த மாலை பத்துப் பதினைந்து அகல் விளக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். காற்று அடித்தால் கண்ணாடி டம்ளருக்குள் மெழுகுவர்த்தி வைத்தாலும் போதும். கேட்டிலிருந்து வாசல் வரை, வாசலிலிருந்து துணி துவைக்கும் கல் வரை, தண்ணீர்த் தொட்டி வரை, இரவில் யாராவது கால் வைக்கும் இடங்களில் மட்டும் அவற்றை வையுங்கள். படி இருந்தால் படிக்கு ஒன்று. கார்த்திகை தீபத்தன்று நம் வீட்டுப் பெரியவர்கள் வாசலில் அகல் வைப்பதைக் கவனித்திருப்பீர்கள். தரையோடு தரையாக, இடைவெளி விட்டு, மஞ்சள் ஒளியில் இருக்கும். எந்தச் சுடரும் கண்ணைக் கூசவைக்காது. ஆனால் கோலத்தின் ஒவ்வொரு கோடும் தெரியும். தோட்ட விளக்கின் இலக்கணம் அதில் முழுவதுமாக இருக்கிறது.

வைத்துவிட்டு வீட்டுக்குள் போய் ஜன்னல் வழியாகப் பாருங்கள். கேட்டுக்கு வெளியே நின்று பாருங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் அவரை நடக்கச் சொல்லுங்கள். அவர் கால் தயங்கும் இடத்தில் இன்னும் ஓர் அகல் வேண்டும். எந்த அகலை எடுத்துவிட்டாலும் வித்தியாசம் தெரியவில்லையோ, அங்கே விளக்கு வேண்டாம். எங்கள் வீட்டில் பிற்பாடு இப்படிச் செய்தபோது பன்னிரண்டு என்று நினைத்தது எட்டாகக் குறைந்தது. சரியான இடம் கிடைத்ததும் ஒரு குச்சி நட்டுவிட்டு, மறுநாள் காலை அந்தக் குச்சிகளை ஒரு தாளில் அளவோடு வரைந்துகொள்ளுங்கள். வீட்டுச் சுவர், மரம், தண்ணீர்க் குழாய், கழிவுநீர்த் தொட்டி எல்லாம் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

இருட்டாகவே விட வேண்டிய இடங்களையும் அதே தாளில் குறியுங்கள். என் அம்மா மதிலோரம் சாமந்தி வைத்திருந்தார். முதலில் போட்ட சுவர் விளக்கு இரவு முழுவதும் அந்தப் பாத்தியின் ஒரு பாதியில் விழுந்தது. இருட்டுப் பாதி பூத்துக் குலுங்கியது; விளக்கடிப் பாதியில் மொட்டே இல்லை. சாமந்தி நீண்ட இரவு கிடைத்தால்தான் பூக்கும் செடி. இரவில் வெளிச்சம் விழுந்தால் அதற்கு இரவு முடிந்துவிட்டதாகக் கணக்கு. இது தெரியாமல் உரத்தையும் மண்ணையும் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். பறவைக் கூடு இருக்கும் மரம், பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு நேரான மூலை, இவையும் இருட்டுப் பட்டியலில் சேரட்டும்.

உயரமும் நிறமும்

நடைபாதை விளக்கு தரையிலிருந்து ஒன்று முதல் இரண்டு அடி உயரத்தில், மேலே மூடி போட்டு, ஒளி கீழ்நோக்கி மட்டும் விழும்படி இருக்க வேண்டும். இடைவெளி எட்டு முதல் பத்து அடி. இரண்டு பக்கமும் எதிரெதிரே வைத்தால் விமான ஓடுதளம் போல ஆகிவிடும். ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றி வைத்தால் பாதி எண்ணிக்கையில் வேலை முடியும். ஒரு விளக்குக்கு 3 வாட் எல்இடி தாராளம். படிகளுக்கு 1 வாட் கூடப் போதும். படியின் பக்கச் சுவரில் பதித்துவிட்டால் காலில் இடறாது.

நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். 2700 அல்லது 3000 கெல்வின் என்றால் வார்ம் ஒயிட், அகல் சுடருக்கு நெருங்கிய மஞ்சள். 6500 என்றால் நீலம் கலந்த பளீர் வெள்ளை. கடைக்காரர் வெள்ளையைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார். கடைக்குள் அது பிரகாசமாகத் தெரியும். தோட்டத்துக்கு அது வேண்டாம். நீலம் மிகுந்த ஒளி பூச்சிகளை அதிகம் இழுக்கும். பூச்சிக்குத் தவளை வரும், தவளைக்குப் பாம்பு வரும். எந்த நிறமானாலும், மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பும்போது ஒரு மணி நேரம் வெளி விளக்குகளை அணைத்துவிடுவது நல்லது.

ஏற்காட்டில் உயரம் இன்னும் முக்கியம். அக்கா வீட்டில் கேட் தெரிய வேண்டும் என்பதற்காக மாடிக் கைப்பிடிச் சுவரில் 50 வாட் ஃப்ளட் லைட் ஒன்றை மாட்டியிருந்தார்கள். ஒரு டிசம்பர் இரவு நான் அங்கே இருந்தேன். மூடுபனி சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவிலிருந்து மெல்ல இறங்கி முற்றத்தை மூடியது. விளக்கைப் போட்டதும் எதிரே பால் நிறத்தில் ஒரு சுவர் எழும்பி நின்றது. கேட் இல்லை, படி இல்லை, பக்கத்திலிருந்த ரோஜாத் தொட்டி கூட இல்லை. அக்கா விளக்கை அணைத்தார். சற்று நேரத்தில் கேட்டின் கம்பிகள் கறுப்பாகத் தெரியத் தொடங்கின.

"பார்த்தாயா தம்பி, விளக்கைப் போட்டால் கேட் மறைந்துவிடுகிறது. அணைத்தால்தான் வருகிறது" என்றார்.

மேலிருந்து வரும் ஒளி, நம் கண்ணுக்கும் பொருளுக்கும் நடுவில் இருக்கும் பனித்துளிகள் அனைத்திலும் பட்டு நம் பக்கமே திரும்புவதுதான் காரணம். மஞ்சள் விளக்கு பனியைத் துளைக்கும் என்று மலையில் பலரும் நம்புகிறார்கள். மூடுபனியின் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கும். நிறத்தை மாற்றிப் பயன் இல்லை, உயரத்தைத்தான் மாற்ற வேண்டும். ஃப்ளட் லைட்டை எடுத்துவிட்டு, கேட் வரை ஒன்றரை அடி உயரத்தில் மூடிபோட்ட விளக்குகள் ஆறு வைத்தோம். பனியிலும் ஒவ்வொரு விளக்கின் காலடியில் ஒரு வட்டம் தரை தெரிகிறது. வட்டம் வட்டமாகக் கால் வைத்துக் கேட்டுக்குப் போய்விடலாம்.

230 வோல்ட்டா, 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா

புதிதாகப் போடுகிறவர்களுக்கு என் அறிவுரை திட்டவட்டமானது: தோட்டத்து மண்ணுக்குள் 230 வோல்ட்டைக் கொண்டுபோகாதீர்கள். வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ ட்ரைவர் என்ற மின்மாற்றிப் பெட்டியை வைத்து, அங்கேயே 12 அல்லது 24 வோல்ட்டாகக் குறைத்து, அதை மட்டும் வெளியே அனுப்புங்கள். மண்வெட்டி கேபிளில் பட்டாலும், குழந்தை ஈரக் கையால் விளக்கைத் தொட்டாலும் உயிருக்கு ஆபத்து வராது. ட்ரைவர் வாங்கும்போது, உள்ளே வரும் மின்சாரத்துக்கும் வெளியே போகும் மின்சாரத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லாத வகையா என்று கேளுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இது இரண்டும் இல்லாத ட்ரைவரை விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

குறைந்த வோல்ட்டில் ஒரு சிக்கல் உண்டு. தூரம் போகப் போக வோல்ட் குறையும். மொத்தம் 40 வாட் விளக்குகள், ட்ரைவரிலிருந்து 25 மீட்டர், அதாவது 80 அடி தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டில் இதற்கு 3.3 ஆம்பியர் ஓடும். 1 ஸ்கொயர் எம்எம் செம்புக் கேபிள் போட்டால் போய்ச் சேரும் முன் 3 வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடும். கடைசி விளக்குகள் மங்கும், சில எரியவே எரியாது. 2.5 ஸ்கொயர் எம்எம் போட்டால் இழப்பு ஒன்றேகால் வோல்ட் அளவில் இருக்கும். அதே கேபிளில் 24 வோல்ட் அனுப்பினால் ஆம்பியர் பாதியாகும், இழப்பும் முக்கால் வோல்ட்டுக்குக் கீழே வந்துவிடும். ஆகவே முப்பது நாற்பது அடிக்குள் முடிகிற நகரத்துத் தோட்டத்துக்கு 12 வோல்ட் போதும். எஸ்டேட் வீடு போல நீளமாகப் போனால் 24 வோல்ட்டுக்கான விளக்குகளையே வாங்குங்கள். விளக்குகளை ஒரே வரிசையாகக் கோக்காமல், ட்ரைவரிலிருந்து இரண்டு மூன்று கிளைகளாகப் பிரித்தாலும் இழப்பு குறையும்.

ட்ரைவரை முழுச் சுமையில் ஓட்டக் கூடாது. 40 வாட் விளக்குக்கு 50 அல்லது 60 வாட் ட்ரைவர் வாங்குங்கள். சேலத்தில் அதை மேற்குச் சுவரில் மாட்டவே மாட்டாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. பிற்பகல் வெயில் நேராக விழும் பெட்டிக்குள் சூடு இன்னும் கூடுதலாக இருக்கும். ட்ரைவருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களின் ஆயுள் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஏறக்குறையப் பாதியாகிறது. வடக்குச் சுவர், சன்ஷேடுக்கு அடியில், காற்றோட்டமான இடம் நல்லது.

விளக்கு வாங்கும்போது

பெட்டியில் ஐபி என்று போட்டு இரண்டு இலக்கம் இருக்கும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. சன்ஷேடுக்குக் கீழே இருக்கும் விளக்குக்கு ஐபி 44 போதும். மழை நேராகப் படுமானால் ஐபி 65. தரையில் பதிக்கும் விளக்கென்றால் ஐபி 67, அதாவது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்குவது. தாமரைத் தொட்டிக்குள் வைப்பதற்கு ஐபி 68, அதுவும் 12 வோல்ட் மட்டும்.

உலோகத்தைத் தொட்டுப் பாருங்கள். வண்ணம் பூசிய இரும்பு ஏற்காட்டு ஈரத்தில் விரைவில் துரு பிடித்துவிடும். வார்ப்பு அலுமினியம், பித்தளை, 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆகியவை தாங்கும். சேலத்து வெயிலில் மலிவான பிளாஸ்டிக் மூடி மஞ்சளித்து நொறுங்கும்; கண்ணாடி மூடியாக வாங்குங்கள்.

கையில் இருக்கும் பணம் குறைவென்றால் விளக்கின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். கேபிளிலும் இணைப்புப் பொருள்களிலும் குறைக்காதீர்கள். விளக்கை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். மண்ணுக்குள் போனதை மாற்ற மறுபடியும் தோட்டத்தைக் கிளற வேண்டும்.

சூரிய ஒளியில் எரியும் குச்சி விளக்குகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். சேலத்தில், நாள் முழுவதும் வெயில் படும் இடத்தில், வாடகை வீட்டுக்காரர்களுக்கு அவை நல்ல வழிதான். ஒன்றிரண்டு ஆண்டுகளில் பேட்டரி சோர்ந்துவிடும். பேட்டரியைக் கழற்றி மாற்ற முடிகிற வகையாக வாங்குங்கள். மரநிழலிலும் ஏற்காட்டுப் பனிமூட்ட நாட்களிலும் அவை சரியாகச் சார்ஜ் ஏறாமல் இரவு எட்டு மணிக்கே கண்ணை மூடிவிடும்.

குழி வெட்டுவதும் குழாய் பதிப்பதும்

தாளில் வரைந்த பாதையைச் சுண்ணாம்புப் பொடியால் தரையில் இடுங்கள். 12, 24 வோல்ட் கேபிளுக்கு ஓர் அடி ஆழம் போதும், ஆனால் குழாய்க்குள் போட வேண்டும். வெறும் கேபிளைப் புதைத்தால் எங்கள் பக்கத்துப் பெருச்சாளிகள் விட்டுவைக்காது. எச்டிபிஇ என்ற கறுப்பு பிளாஸ்டிக் குழாய் வளையும், உடையாது. ஏதோ ஒரு காரணத்தால் 230 வோல்ட்டை மண்ணில் கொண்டுபோயே ஆக வேண்டுமென்றால் இரண்டரை அடி ஆழம், உலோகக் கவசம் போட்ட ஆர்மர்டு கேபிள், மேலும் கீழும் மணல், அதற்கு மேல் வரிசையாகச் செங்கல். நாளை யாராவது தோண்டும்போது செங்கல்தான் முதலில் எச்சரிக்கும்.

குழாய்க்குள் கேபிளோடு ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்து இழுத்து, இரண்டு முனையிலும் கட்டி வையுங்கள். பின்னாளில் இன்னொரு கேபிள் போக வேண்டியிருந்தால் அந்தக் கயிறுதான் இழுத்துத் தரும். கார் நிறுத்துமிடத்துக்கோ நடைபாதைக்கோ டைல் பதிக்கப்போகிறீர்கள் என்றால், இப்போது தேவை இல்லாவிட்டாலும் குறுக்கே ஒரு வெற்றுக் குழாய் போட்டுவிட்டுப் பதியுங்கள். வீடு கட்டும்போது யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

ஏற்காட்டில் ஓர் அடி கிடைப்பதே பெரிது. சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற கடும்பாறை; அக்கா வீட்டில் கடப்பாரை அரை அடியிலேயே கணீர் என்றது. அங்கே பாறையோடு சண்டை போடாமல், கல்வரப்பின் அடியை ஒட்டிக் குழாயைக் கொண்டுபோய், இரண்டு அடிக்கு ஒரு கிளிப் போட்டோம். வெளியே தெரிவதால் பழுது பார்ப்பதும் எளிது. காட்டெருமை வந்துபோகும் ஒற்றையடிப் பாதை எது என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்; அந்த வழியில் குழாயோ விளக்கோ வேண்டாம்.

குழியை மூடுவதற்கு முன் அளவு நாடாவைக் குழிக்கு மேலேயே விரித்து வைத்துப் படம் எடுங்கள். திருப்பம் ஒவ்வொன்றையும் எடுங்கள். ஐந்தாண்டு கழித்து ஒரு மாங்கன்று நடும்போது அந்தப் படம் உதவும்.

தரையில் பதிக்கும் விளக்குக்கு ஒரு தனிக் குறிப்பு. அதற்கு அடியில் ஓர் அடி ஆழத்துக்கு ஜல்லி போடுங்கள். தண்ணீர் கீழே வடிய வழி இல்லாவிட்டால் விளக்கு ஒரு கிண்ணத்துக்குள் ஊறிக்கொண்டே இருக்கும்.

இணைப்பு: பெரும்பாலான தோட்ட விளக்குகள் சாகும் இடம்

முதல் முறை போட்ட விளக்குகள் அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழையில் ஒவ்வொன்றாகப் போயின. அக்டோபர் கடைசியில், கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி டிரிப் ஆகத் தொடங்கியது. வீடு முழுவதும் இருட்டு. தூக்கி விட்டால் பத்து நிமிடம் நிற்கும், மறுபடியும் விழும். வேலை செய்துவிட்டுப் போனவர் தொலைபேசியை எடுக்கவில்லை. மழை விட்ட ஒரு காலையில் மெயினை அணைத்துவிட்டு நானே செம்பருத்திச் செடிக்கு அடியில் தோண்டினேன்.

கேபிள் இணைப்பு வெளியே வந்தது. சாதாரண இன்சுலேஷன் டேப்பை நான்கைந்து சுற்றுச் சுற்றியிருந்தார்கள். அதன் பசை கரைந்து கறுப்புக் களிம்பாகி விரலில் ஒட்டியது. டேப்பைப் பிரித்ததும் உள்ளேயிருந்து ஒரு சொட்டுச் செம்மண் தண்ணீர் உள்ளங்கையில் விழுந்தது. செம்பு செம்பாக இல்லை. பழைய கோயில் மணியில் படர்ந்திருக்குமே, அந்தப் பச்சை நிறத்தில் பொடிந்தது. இழைகளை விரலால் தொட்டதும் பாதி முறிந்துவிட்டன. இதே போல் பதினொரு இணைப்புகள் மண்ணுக்குள் இருந்தன.

ஆகவே, மண்ணுக்குள் இணைப்பே கூடாது. கேபிளை ஒவ்வொரு விளக்கின் இடத்திலும் தரைக்கு மேலே கொண்டுவந்து, ஐபி 67 ஜங்ஷன் பாக்ஸுக்குள் இணைத்து, மறுபடியும் கீழே இறக்குங்கள். பெட்டிக்குள் கேபிள் நுழையும் துளை ஒவ்வொன்றிலும் கேபிளின் தடிமனுக்குப் பொருந்தும் கிளாண்ட், அதாவது கேபிளை இறுக்கிப் பிடித்துத் துளையை அடைக்கும் வளையம், வேண்டும். பெரிய கிளாண்டில் மெல்லிய கேபிளைச் செருகி டேப் சுற்றுவது வேலையல்ல. துளைகள் பெட்டியின் அடிப்பக்கம் இருக்கட்டும். கேபிள் பெட்டிக்குள் நுழைவதற்கு முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். அப்போது கேபிள் வழியே ஓடிவரும் மழைத்தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், பெட்டிக்குள் ஏறாது. இணைப்புகளின் மேல் ஜெல் நிரப்பிய கனெக்டர் போட்டால் இன்னும் நிம்மதி.

மலையில் மழை இல்லாத நாளிலும் தண்ணீர் உள்ளே போகும். அக்கா வீட்டில் ஒரு விளக்கின் கண்ணாடிக்குள் வியர்வை போலத் துளிகள் நின்றன. மேலிருந்து ஒரு சொட்டு இறங்கவும் வழி இல்லாத விளக்கு அது. எரியும்போது விளக்குக்குள் இருக்கும் காற்று சூடாகி விரிந்து வெளியேறும். அணைத்ததும் குளிர்ந்து சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஏற்காட்டில் அந்தக் காற்று முழுக்க ஈரம். கேபிளின் செம்பு இழைகளுக்கு நடுவிலிருக்கும் நுண்ணிய இடைவெளி வழியாகக்கூட அது ஏறும். அதனால் விளக்கின் முனையிலும் சரி, கேபிளின் கடைசி முனையிலும் சரி, சூடு பட்டால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டி அடைக்க வேண்டும். எங்கும் இணையாமல் வெறுமனே விடும் முனைக்கும் இது பொருந்தும்.

மெயின் பக்கம்

இது நீங்கள் கை வைக்கும் இடம் இல்லை. ட்ரைவருக்கு அப்பால் இருக்கும் 12 வோல்ட் வேலையை ஆர்வமுள்ள யாரும் செய்யலாம். ட்ரைவருக்கு இப்பால் இருக்கும் 230 வோல்ட் வேலையை, மின் உரிம வாரியத்தின் மின்கம்பியாள் சான்றிதழ் உள்ளவரே செய்ய வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல தொழிலாளி அதைக் கேட்பதற்காக வருத்தப்படமாட்டார்.

அவரிடம் மூன்று வேலை சொல்லுங்கள். தோட்டத்துக்குத் தனி எம்சிபி, அதாவது சுமை கூடினால் தானாக விழும் சுவிட்ச். தோட்டத்துக்குத் தனி ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்பியர் அளவில். அது தனியாக இருந்தால் வெளியே கசிவு வரும்போது வீட்டு ஃபிரிட்ஜும் சேர்ந்து அணையாது. மூன்றாவது, மின்னல் அதிர்ச்சியைத் தாங்க ஒரு சர்ஜ் ப்ரொடெக்டர். கோடை மழையின் இடி மலைச்சரிவில் எப்படி இறங்கும் என்பது சேலத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ட்ரைவரின் உடல் உலோகமென்றால் எர்த் கொடுத்தே ஆக வேண்டும். ஏற்காட்டில் பாறையும் மெல்லிய மண்ணும் இருப்பதால் எர்த் குழி சரியாக அமையாமல் போகலாம்; பிப்ரவரி, மார்ச் வறட்சியில் எர்த் டெஸ்டரால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் அளந்தால் எல்லாக் குழியும் நன்றாக இருப்பதாகவே காட்டும்.

மூடுவதற்கு முன் மெக்கர் வைத்துக் கேபிளின் இன்சுலேஷனைச் சோதிக்கட்டும். அந்த நேரத்தில் ட்ரைவரையும் விளக்குகளையும் கழற்றி வைத்திருக்க வேண்டும். மெக்கரின் வோல்ட் அவற்றைக் கெடுத்துவிடும்.

மரங்களுக்கு

எல்லா மரத்துக்கும் விளக்கு வேண்டாம். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எங்கள் வீட்டில் அது மல்கோவா. அகன்ற கிளை கொண்ட மாமரத்துக்கு அடிமரத்திலிருந்து நான்கடி தள்ளி, இரண்டு பக்கத்தில், 40 முதல் 60 டிகிரி விரியும் மண்ணில் குத்தி நிறுத்தும் 7 வாட் ஸ்பைக் லைட் இரண்டு போதும். தென்னைக்கு அடிமரத்தை ஒட்டி, 15 முதல் 24 டிகிரிக்குள் விரியும் குறுகிய ஒளி ஒன்று. ஒளி இலையில் முடிய வேண்டும். இலையைத் தாண்டி வானத்துக்குப் போகக் கூடாது. இரவு வேளையில் ஒருவர் ஸ்பைக்கைத் திருப்ப, இன்னொருவர் கேட்டிலும் ஜன்னலிலும் மாறி மாறி நின்று பார்த்தால் ஒழிய இது சரியாக வராது. பக்கத்து வீட்டுக்காரரையும் அவர் வீட்டு ஜன்னலிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். மரத்தில் ஆணி அடிக்க வேண்டாம். கட்ட வேண்டியிருந்தால் அகலமான நாடாவைத் தளர்வாகக் கட்டி, ஆண்டுக்கு ஒருமுறை இன்னும் தளர்த்துங்கள், மரம் பருக்கும்.

நேரம் வைப்பது

சேலத்தில் சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுவதும் ஒரு மணி நேரத்துக்குள்தான் மாறுகிறது. அதனால் விலை கூடிய கருவி எதுவும் தேவையில்லை. சாதாரண டைமரில் மாலை 6.15 முதல் இரவு 10.15 வரை வைத்தால் போதும். மொத்தம் 40 வாட், நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால் இரண்டு மாதக் கணக்கில் பத்து யூனிட்டுக்குள் அடங்கிவிடும். பத்தேகாலுக்குப் பிறகு தோட்டம் இருட்டாகவே இருக்கட்டும். கேட்டில் மட்டும் ஆள் நடமாட்டத்துக்கு எரியும் சென்சார் விளக்கு ஒன்று வையுங்கள். ஏற்காட்டில் கதவைத் திறக்கும் முன் முற்றத்தில் காட்டெருமை நிற்கிறதா என்று பார்க்க அது மிகவும் தேவை. சென்சார் உடல் சூட்டை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது. சேலத்துக் கோடை மாலையில் காற்றின் சூடும் உடலின் சூடும் நெருங்கிவிடுவதால் அது சற்றுத் தாமதமாகத்தான் உணரும். பழுதென்று நினைத்துக் கழற்றிவிடாதீர்கள். வாழை இலை ஆடும் திசையைப் பார்க்கும்படி அதை வைக்க வேண்டாம், காற்றடிக்கும் இரவெல்லாம் எரியும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் படி விளக்குகளின் ட்ரைவரை அதோடு இணைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு

மாதத்துக்கு ஒருமுறை ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் அன்றே மாற்றுங்கள். எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. செடிக்குப் பாய்ச்சும்போது கண்ணாடியில் தெறித்து வெள்ளையாகப் படிந்துவிடும். அரை எலுமிச்சம்பழத்தால் தேய்த்துக் கழுவினால் போய்விடும். செடி வளர்ந்து விளக்கை மூடியிருந்தால் செடியை வெட்டாமல் விளக்கை நகர்த்துங்கள். அதற்காகத்தான் ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டடி கேபிளைக் கூடுதலாகச் சுருட்டி வைத்திருக்க வேண்டும்.

செப்டம்பர் கடைசி வாரத்தில், வடகிழக்கு மழை தொடங்கும் முன், ஜங்ஷன் பாக்ஸ் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். எறும்பு கூடு கட்டியிருக்கும், சிலந்தி இருக்கும், துடைத்துவிடுங்கள். ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் புதிது போடுங்கள். செம்பு பளபளப்பாக இருந்தால் கிளாண்டை இன்னொரு அரைச்சுற்று இறுக்கி மூடிவிடலாம். பச்சை நிறம் தெரிந்தால் அந்த முனையை வெட்டிப் புது முனை எடுத்து, மழை வருவதற்குள் இணைத்துவிடுங்கள்.